கேப்டன் தொப்பியும் தலைப்படையும்

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் தூத்துக்குடியில் பிள்ளைகளின் தலையில் படை பரவியது. காசு அகலத்துக்கு வட்டம், அதற்குள் செதில், முறிந்து நிற்கும் முடி. உப்புத்தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர். கருவாட்டைச் சந்தேகித்தார்கள் சிலர். நர்ஸ் பிளாரன்ஸ் மட்டும் இனிகோவின் போட்டோ ஸ்டுடியோவில் வந்து நின்றாள்.

இனிகோவுக்கு ஐம்பது வயது. ஸ்டுடியோவில் திரைச்சீலையில் வரைந்த ஒரு கப்பலும் கம்பளியால் ஆன ஒரு கேப்டன் தொப்பியும் இருந்தன. தொப்பியை ஸ்டீமர் சமையல்காரன் ஒருவனிடம் இரண்டு குலை வாழைப்பழம் கொடுத்து வாங்கியிருந்தார். கேப்டனுடையது என்று சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். வாசலுக்கு எதிரே நிஜக் கடலில் நிஜத் தோணிகள் கிடந்தன; அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஒருவரும் கேட்டதில்லை. அந்தத் தொப்பியை மாட்டிப் படம் எடுக்கத்தான் மணப்பாட்டிலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொப்பி போனால் பிழைப்பும் போகும்.

பிளாரன்ஸ் வீடுவீடாக வாங்கி வந்த பதினொரு படங்களை மேசைமேல் பரப்பினாள்.

"இந்தப் பதினொரு கேப்டனுக்கும் படை. தொப்பியக் கொதிக்கிற தண்ணியில போடுங்க அண்ணாச்சி."

"கேப்டன் தொப்பிய அவிக்கச் சொல்லுதியளா? நானே மாட்டுதேன். மூணு வாரம். படை வந்தா நானே எரிச்சிருதேன்."

மாட்டினார். மீன் வாங்கப் போனார், சவரம் செய்துகொண்டார், தூங்கினார், எல்லாம் தொப்பியோடு. பூசையில் மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் தெரு ஜனத்தைக் கூட்டி வைத்து நர்ஸின் முன் தலையைக் குனிந்தார்.

"பாருங்க. படை உண்டா?"

"முடி உண்டா?" என்றாள் பிளாரன்ஸ்.

தெரு சிரித்தது. இனிகோவின் தலை முப்பது வயதிலேயே வழுக்கை.

"இது முடியப் பிடிச்சு வளருத பூஞ்சை. அதுவும் பிள்ளையளோட முடின்னா அதுக்கு உயிரு. உங்க தலையில அதுக்கு என்ன சோலி?"

ஆனாலும், மூன்று வாரம் போட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று அன்றைக்கே இரண்டு பேர் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். இனிகோ காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் பெண்சாதி ஐந்து வயது சலேத்மேரியை இழுத்து வந்து, பிள்ளையின் பின்தலை முடியை விலக்கி வட்டத்தைக் காட்டினாள். அப்பா மத்தியானம் கண்ணசரும்போதெல்லாம் மகள் அவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றித் தான் மாட்டி விளையாடியிருக்கிறாள்.

"உங்க சோதனையில நீங்க பாஸு. பிள்ள பெயிலு" என்றாள் பெண்சாதி.

இனிகோ வரிசையை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். வெந்த தொப்பி சிரட்டைக்குப் பொருந்தும் அளவுக்குச் சுருங்கியது.

பிளாரன்ஸ் பிள்ளையின் தலையை மழித்து, மீந்த குச்சிமுடிகளைக் குறடால் பிடுங்கிக் களிம்பு தடவினாள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவல்; சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் தனி. "அரிப்பு சீக்கிரம் நின்னுரும். அத நம்பி மருந்த விட்டுராதிய. மாசக்கணக்கில ஆகும்."

அடுத்து ஸ்டுடியோவுக்கு வந்தவன் மூட்டை தூக்கும் பர்னபாஸ். இடுப்பில் களிம்புத் தலையோடு மகன்.

"அப்போ எம்மவன் கேப்டன் ஆக முடியாதா அண்ணாச்சி?"

கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பைப் படத்தில் தூரிகையால் அழித்துக் கொடுப்பவர் இனிகோ. பையனை வெறுந்தலையோடு எடுத்துப் படத்தில் ஒரு தங்கக்கோட்டோடு தொப்பியை வரைந்துவிட்டார். பர்னபாஸ் உற்றுப் பார்த்தான்.

"இன்னொரு தங்கக்கோடு போட்டுத் தாங்க."

அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கோடு, மூன்று கோடு என்று கேட்டு வாங்கிப் போனார்கள். சலேத்மேரியின் படத்தில்தான் தொப்பி இல்லை. அப்பா தூரிகையை நனைத்ததுமே அவள் அலறினாள்:

"வேண்டாம்பா, அரிக்கும்!"