அக்காவும் நானும் ஒத்துப்போகாத முடிவு

ஸ்கேன் எடுத்த மருத்துவர் பேச்சை நிறுத்தியதுதான் எனக்கு முதல் அறிகுறி. "எந்த ஸ்கூல்ல டீச்சரா இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே கருவியை வயிற்றில் நகர்த்தியவர், ஓரிடத்தில் அமைதியானார். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். பிறகு, வெளியே உட்கார்ந்திருந்த என் கணவரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

அப்போது பத்தொன்பதாவது வாரம். அறிக்கையில் அனென்செஃபலி (கருவின் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத நிலை) என்று இருந்தது.

"வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் துடிப்பு இருக்கும்மா," என்றார். "பொறந்தா சில மணி நேரம், மிஞ்சிப்போனா சில நாள். இதுக்கு வைத்தியம் கிடையாது." கர்ப்பத்தைத் தொடர்வதோ கலைப்பதோ எங்கள் முடிவுதான், வீட்டுக்குப் போய் யோசியுங்கள் என்றார்.

தலத்தெருவில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் அந்த அறிக்கையையே திரும்பத் திரும்பப் படித்தோம். மூன்றாம் நாள் காலை, கலைத்துவிடலாம் என்றேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் ஒடம்பு. நீ சொல்றதுதான்," என்றார். அப்புறம் அழுதார்.

அக்காவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். அவள் மண்டபத்தூரில் இருக்கிறாள். அத்தான் கடலுக்குப் போகிறவர். அவர்கள் மகள் யாழினிக்குப் பதினோரு வயது. ஸ்பைனா பிஃபிடாவுடன் (முதுகுத்தண்டு சரியாக மூடாத நிலை) பிறந்தவள். கால்களில் காலிபர் (கால்களைத் தாங்கும் சட்டம்) மாட்டிக்கொண்டு நடக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது மருத்துவர்கள் கலைத்துவிடச் சொல்லியும் மாட்டேன் என்றவள் அக்கா.

போனில் சொன்னேன்.

"எங்கிட்டயும் அப்புடித்தான் சொன்னாங்க. கேட்டிருந்தா யாழினி இருப்பாளா?"

"இது வேறக்கா. இது பொழைக்காது."

"அவளயும்தான் பொழைக்காதுன்னாங்க. நீ கலைச்சியன்னா எம்மவள வேணாம்னு சொன்ன மாதிரிதான் எனக்கு."

போனை வைத்துவிட்டேன்.

மருத்துவமனையில் மாத்திரை வைத்து வலியை வரவழைத்தார்கள். பிரசவ வலியேதான். முடிந்ததும், பார்க்கிறீர்களா என்று ஒரு நர்ஸ் கேட்டார். தலையில் துணி சுற்றிக் கொண்டுவந்தார். விரல்கள் முழுதாக இருந்தன. என் முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விரல்களை மறக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் என்பதை, இதே நிலையில் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

யாரும் எனக்குச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. மூன்றாம் நாள் பால் சுரந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கணவர் பயந்துபோய் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். மதியம் அவள் வந்து நின்றாள், கையில் ஒரு பை நிறைய மல்லிகை. பால் வற்றுவதற்குப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டேன்.

துணியை இறுக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நீ செஞ்சது சரின்னு சொல்ல வரலடி."

"சொல்ல வேணாம்க்கா," என்றேன். பிறகு, பதினோரு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "அன்னைக்கி டாக்டர் சொன்னப்ப ஒனக்கு எப்புடி இருந்துச்சு?"

வெகுநேரம் பேசினாள். கலைப்பதாகத்தான் முதலில் நினைத்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாளாம். "பண்ணிருப்பேன்டி. அத நெனச்சுத்தான் எனக்கு இன்னும் பயம்," என்றாள். நான் இதுவரை அவளை அஞ்சாதவள் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் அவள் என்னிடம் கேட்டாள்: "நீ பாத்தியா, புள்ளைய?" அந்த விரல்களைப் பற்றிச் சொன்னேன்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க அவளும் வந்தாள். மருத்துவர் படம் போட்டு விளக்கினார். கருவில் மூளையும் தண்டுவடமும் ஒரே குழாயிலிருந்துதான் உண்டாகின்றன. கீழே மூடாவிட்டால் யாழினிக்கு வந்தது; மேலே மூடாவிட்டால் என் குழந்தைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டு முறை வந்துவிட்டதால், அடுத்த கர்ப்பத்துக்குப் பல மாதம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைக் (அந்தக் குழாய் மூட உதவும் வைட்டமின்) கூடுதல் அளவில் தொடங்கச் சொன்னார்.

அக்கா கேட்டாள்: "சில மணி நேரமாவது உசுரோட இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா."

"நானா இருந்தா அந்தச் சில மணி நேரத்துக்காகப் பெத்திருப்பேன்."

"அப்படிப் பெத்துக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களையும் நான்தான் பாத்துக்கிறேன்," என்றார் மருத்துவர். அக்கா தலையாட்டினாள். நானும்தான்.

பிரசவத்துக்குக் குறித்திருந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் எதுவும் சொல்லாமலே அக்கா யாழினியோடு காலையிலேயே வந்து, சமையலறையில் மீன் கழுவ ஆரம்பித்துவிட்டாள். யாழினி காலிபரைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நான் ஒங்க வயித்துல இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஒரு பொய் நாக்கு வரை வந்தது.

"ரொம்பப் பயந்திருப்பேன்டா," என்றேன். "அப்புறம் ஒங்கம்மாகிட்ட வந்து கேட்டிருப்பேன்."

"அம்மா என்ன சொல்லிருப்பாங்க?"

"என்னத்த சொல்றது? வாய மூடிக்கிட்டுப் பெத்துக்கடின்னுருப்பேன்," என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

யாழினி முதலில் சிரித்தாள். பிறகு நான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் என்பது சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.