பாதியில் பிடுங்கிய பிளக்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கட்டுக்கதை இல்லை. பட்டவன் வாயாலேயே கேட்டேன். நடந்ததும் பட்டப்பகலில்.

அவனுக்குப் பட்டப்பெயர் பிடுங்கி. கரண்ட் திடீரென்று போனால் ஃபைல் கெடுமா என்று சோதிப்பது அவன் வேலை. கணினி ஒரு ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவான். திரும்பச் சொருகியதும் அவன் அக்காள் புருஷன் திரையைப் பார்த்து ஃபைல் தேறியதா என்று சொல்வார். ஃபைல் முழுசாக இருக்கலாம், அடியோடு இல்லாமலும் போகலாம். அரைகுறையாக மட்டும் இருக்கக் கூடாது. கெட்டால் போகட்டும் என்று, இந்தச் சோதனைக்கு யாரோ கழித்துப்போட்ட டிஸ்க்குகளைத்தான் வாங்குவார்கள்.

அன்று வேறொரு டிஸ்க் வந்திருந்தது. காலை 11.05. எழுதச் சொன்னது வெறும் பூஜ்யங்கள். பிடுங்கினான். சொருகினான்.

ஃபைலில் பூஜ்யம் இல்லை. ஒரே சொல், அதுவும் பாதி. 'பிடுங்கா...' எழுதிய நேரம் 2.17 என்றது திரை.

"மச்சான், என்னை ஓட்டுறீங்களா?"

"உங்கக்காகிட்ட யாருடா அடி வாங்குறது? நான் இல்ல."

11.12. மறுபடி பிடுங்கினான்.

'பிடுங்காதே. மூச்சு...' அதே 2.17.

வயரில்தான் கோளாறு என்று மச்சான் மேசைக்கு அடியில் குனிந்தார். இவன் மூன்றாம் முறை எழுத விட்டான். 11.20.

டக்.

வயர் அவர் கழுத்தைச் சுற்றியது.

தலை சுவரில் மோதியது. மடார்... மடார்... நெற்றி பிளந்தது. வயரைப் பிறாண்டிய விரல்களில் இரண்டு நகம் பிய்ந்தது.

இவன் பிளக்கைப் பற்றினான். வயர் இன்னும் இறுகியது.

திரையில் எழுத்து ஓடியது. பிடுங்காதே பிடுங்காதே பிடுங்காதே...

அக்காளுக்கு ஏழாம் மாதம்.

பழகிய கை இழுக்கத் துடித்தது.

விட்டான்.

முதல் தடவையாக ஒரு ஃபைலை முடிக்க விட்டான். நாற்பது விநாடி.

வயர் தளர்ந்தது. மச்சான் ரத்தத்தில் புரண்டு இருமினார்... உயிர் இருந்தது.

ஃபைலில் ஒரே வரி, முழுசாக.

'என் மூச்சு மெஷினைப் பிடுங்கியது மச்சான்.'

டிஸ்க் விற்றவரிடம் பிறகு விசாரித்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில், உயிருக்குப் போராடுகிறவர்களை வைக்கும் அறையில் ஓடிய கணினியினுடையதாம். அங்கே ஒருவர், மூச்சு மெஷினின் பிளக் தானாகக் கழன்று இறந்தார் என்று எழுதி மூடிவிட்டார்களாம். மதியம் 2.17. பக்கத்தில் இருந்தது அவர் அக்காள் புருஷன் மட்டும்.

பிளக்கைப் பிடுங்கியவன் இருக்க, குனிந்தவரை அது ஏன் பிடித்தது? இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பிடுங்கி அவரை மச்சான் என்று கூப்பிடுவதே இல்லை.

உங்கள் வீட்டில் தொடங்கியதெல்லாம் முழுசாக முடியட்டும், கண்ணுகளா. ஒரு மூச்சும் பாதியில் அறாதிருக்கட்டும்.