தோளைத் தொடாமல் கும்மிடிப்பூண்டி வரைக்கும்

மாட்டைக் கறக்கும்போதே என் காது ரோட்டுக்குப் போய்விடும். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து எட்டிப் பார்ப்பேன். செம்பு பாதிகூட நிறைந்திருக்காது. மாடு திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். அதுவும் அப்போதுதான் கன்று போட்டிருந்தது, அதற்கும் பொறுமை கிடையாது.

என் மகளுக்கு நிறைமாதம். தலைச்சன் பிள்ளை. முறைப்படி ஆரணியில் (பட்டுச் சேலை ஆரணி இல்லை, இது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி) என் வீட்டில்தான் அவள் இருக்க வேண்டும். டாக்டரம்மா படுத்தே இருக்கணும், எங்கேயும் அலையக்கூடாது என்று சொல்லிவிட்டதால், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் படுத்திருந்தாள். மாட்டை விட்டுவிட்டு நான் அங்கே போய்த் தங்க முடியாது. காலையில் பஸ்ஸில் போவதென்றால் மாறி மாறி ஏற வேண்டும். போர்டு படிக்கத் தெரியாத நான் ஒவ்வொரு பஸ்ஸாகக் கேட்டு ஏறுவதற்குள் உச்சிப் பொழுதாகிவிடும். மாப்பிள்ளைக்கு மதிய ஷிப்டு. அதனால் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போவார். வேலைக்குப் போகும் வழியில், மதியம் மட்டும் ஆரணிக்கு நேராகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் அவளுக்குத் துணை இருப்பாள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை எதிரில் மாமியார் உட்காரக்கூட மாட்டாள். கல்யாணமான புதிதில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவரிடம் பேசுவேன். அப்படிப்பட்டவள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போக வேண்டும். தோளைப் பிடிப்பதா? நினைத்தாலே கூசும். அவருக்கும் அப்படித்தான். பெட்ரோல் டேங்க் மேலேயே ஏறிவிடுவது போல முன்னால் குனிந்துகொள்வார். நான் சீட்டின் கடைசியில், மடியில் குழம்புத் தூக்கை வைத்துக்கொண்டு தொற்றிக்கொண்டிருப்பேன். கால் வைக்கிற பலகையையும், சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க வைக்கிற கம்பி வலையையும், வண்டி வாங்கிய அன்றே அழகாக இல்லையென்று அவர் கழற்றிப் போட்டுவிட்டார். பின்னால் உட்கார ஆளில்லாத வயசில் வாங்கிய வண்டி.

கவரைப்பேட்டை வேகத்தடையில் ஒருநாள் நான் வழுக்கி விழுந்துவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்றது.

"யோவ், ஆயாவ வுட்டுட்டு எங்கய்யா போய்க்கினுகீற?" என்று டிரைவர் கத்தினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எனக்கு முட்டிதான் தேய்ந்திருந்தது. குழம்பு ரோட்டில்.

"நாளைலேர்ந்து வாணாம் அத்த. உங்களுக்கு எதுனா ஆச்சின்னா அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவளுக்கு வலி வந்தா பெத்தவ பக்கத்துல இருக்க வாணாமா மாப்ளே?"

எனக்கு அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளை பெறும்போது நான் பக்கத்தில் இருப்பேனா, மாட்டேனா. மறுநாள் வண்டி வரவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தே கால் வலித்தது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி மாப்பிள்ளையிடம் சொன்னேன். "வண்டிய எடுத்துக்கினு ஆரணி பஜாருக்கு வாங்க. மெக்கானிக் கடையாண்ட நிக்கிறேன்."

அவர் கழற்றிப் போட்டிருந்த பலகையும் வலையும் வண்டியில் திரும்ப ஏறின. சீட்டு ஓரத்தில் வழுக்காமல் இருக்கப் பஞ்சு வைத்து உயர்த்தித் தைக்கச் சொன்னேன். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கேட்டேன். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு ஆயா கம்பி? மாப்ள தோள புடிச்சிக்கினா முடிஞ்சிது."

மாப்பிள்ளை அவசரமாக டீக்கடைப் பக்கம் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நீ கம்பிய வையி நைனா" என்றேன்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நான் ஏறி உட்கார்ந்து, கை எட்டுகிற இடம் காட்ட, மெக்கானிக் அங்கேயே கம்பியை வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு என்ன ராஜபோகம். காலுக்குப் பலகை, கைக்குக் கம்பி. ஏரியையும் புகைபோக்கியையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போவேன். எதிர்வீட்டுக்காரி, "இன்னா, டெய்லி ஊர்கோலமா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.

அப்புறம் அந்த மழைநாள். விடாத மழை. மாட்டுக்கு வைக்கோல்கூடப் போடவில்லை, மாப்பிள்ளை நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"அவளுக்கு வலி வந்துட்ச்சி அத்த. பக்கத்து ஊட்டக்கா கூட கீறாங்க. ஆட்டோ வாசல்ல நிக்கிது. அம்மா வந்தாத்தான் ஏறுவேன்னு அடம் புடிக்கிறா."

கிளம்பினோம். ரோடு முழுக்கத் தண்ணீர், எங்கே பள்ளமென்று தெரியவில்லை. நான் ஒருபக்கமாக இருந்ததால் வண்டி அந்தப் பக்கமே இழுத்தது. இரண்டு தரம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் நிறுத்திவிட்டார். சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் ஹேண்டிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கம் கால் போட்டா வண்டி நேரா போவும் அத்த."

நான் இறங்கினேன். நாற்று நடும்போது செருகுவது போல சேலையைத் தூக்கிச் செருகினேன். காலைப் போட்டு உட்கார்ந்தேன். கம்பி இப்போது பின்னால் எங்கேயோ போய்விட்டது. பிடிப்பதற்கு அவர் தோள்தான் இருந்தது. என் பெண்ணை நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.

"போங்க மாப்ளே."

டேங்க் மேல் குனிந்தே ஓட்டியவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டியும் நேராகப் போனது.

மகள் வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், அவ்வளவு வலியிலும் சிரித்துவிட்டாள்.

"அம்மா, இன்னாம்மா இது கோலம்?"

"மொதல்ல ஆட்டோல ஏறுடி."

ஏறினாள். அன்றைக்கே பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லித்தான் செருகின சேலையை இறக்கினேன்.

பிறகு ஒருநாள், மகளுக்குப் பால் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு மாப்பிள்ளை வண்டியில் போகும்போது பஜாரில் மெக்கானிக் கேட்டார், "ஆயா, கம்பி எப்பிடிகீது?"

எனக்கு முன்னால் மாப்பிள்ளை சொன்னார், "பால்கேன் மாட்ட நல்லாகீது."