ஒவ்வொரு படத்திலும் ஒருத்தி

சுபோதினி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது இரண்டே மாதத்துக்கு. அண்ணன் சயந்தனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்; அண்ணி தாரிகாவுக்கோ வங்கி வேலை. கொடிகாமத்தில் தான் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறியபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு இப்போது பதினைந்து.

போன வருடம் பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுக்க ராசிக்கின் பழைய புத்தகக் கடைக்குப் போனாள். காசுக்குப் பதிலாக அங்கே கிடந்த ஒரு தடித்த ஆங்கில நாவலைக் கேட்டு வாங்கினாள். பிரபுப் பட்டம் வாங்கித் துரையாகத் துடிக்கும் ஒரு வியாபாரியைக் கிண்டலடிக்கும் பழைய நாவல் அது. முதுகில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளே முப்பத்திரண்டு கோட்டுப் படங்கள்.

சோறு கொதிக்கும்வரை, உடுப்பு மெஷின் நிற்கும்வரை என்று துண்டு துண்டாகப் படித்தாள். பிரபு விருந்துக்கு வருகிறார் என்று வியாபாரி வாசற்கதவை இடித்து அகலமாக்க, வந்த பிரபு ஈர்க்குக் குச்சியாட்டம் இருந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

ஏழாவது படத்தில்தான் அந்தப் பெண்ணைக் கண்டாள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிக்க, மூலையில் தட்டோடு ஒருத்தி நின்றாள். பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். முதல் படத்திலும் அவள் இருந்தாள். கடைசிப் படத்திலும் இருந்தாள். ஆனால் நாவலில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுபோதினி இரண்டாம் தரமும் படித்துத் தேடிப் பார்த்தாள். வேலைக்காரி என்றுகூட எவரும் எழுதவில்லை.

மனம் பொறுக்காமல் அண்ணனிடம் கொண்டுபோனாள்.

“அண்ணா, இந்த மனிசியைப் பாருங்கோ.”

சயந்தன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தான். “எந்த மனிசி? தொப்பி போட்டவவோ?”

“இல்லை, பின்னாலை.”

“ஓ,” என்றான். “பிள்ளையளுக்கு டியூஷனுக்கு நேரமாச்செல்லே?”

அடுத்த மாதம் ராசிக் கேட்டார்: “மிஸ், வெளிநாட்டுக்குப் போற ஆக்கள் பெட்டி பெட்டியா இங்கிலீஷ் பொத்தகம் குடுத்துட்டுப் போறாங்க. பிரிச்சு வெக்கத் தெரிஞ்ச ஆளில்ல. பகல்ல வந்தீங்கண்டா பெரிய ஒதவியா ஈக்கும். சம்பளமும் தாறன்.”

அன்று வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “உனக்கு இஞ்சை என்ன குறை?” என்று அண்ணன் கேட்டான். “பகலிலை பிள்ளையளை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?” என்றாள் தாரிகா.  சுபோதினி ராசிக்கிடம், “பிறகு பாப்பம்” என்று சொல்லி முடித்தாள்.

இந்த வருடம் மார்ச்சில் மெல்பேர்ணுக்குக் குடிபெயர விசா வந்தது. விண்ணப்பத்தில் நாலு பெயர். கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. விமான நிலையத்தில் பிள்ளைகள் இருவரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அண்ணன் அவள் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுத்தான். “ஃபிளாட் விக்கும் மட்டும் இரு. ஆக்கள் பாக்க வருவினம். எங்கையும் போயிடாதை.”

பாடசாலையிலிருந்து கூட்டிவர ஒருவரும் இல்லாத பகல்கள் வந்தன. ஆனாலும் புரோக்கர் எந்த நேரமும் மணியடிப்பான். யாரோ வந்து குசினியை அளந்து, ஜன்னலால் கடலைப் பார்த்து, இவளைப் பார்க்காமலே போவார்கள். வீடு விலைப்படவில்லை. ரயில் போகும் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடமாயிற்று. விற்றபின் எங்கே போவது என்பதை யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் ராசிக்குக்கு அழைப்பெடுத்தாள். “என்னாலை வெளிக்கிட ஏலாது. பெட்டியளை இஞ்சை அனுப்புவீங்களோ?”

ராசிக் ஆட்டோவில் தானே கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகளின் வெறும் அறை ஒரு வாரத்தில் நிறைந்தது. பிறகு ஹோலும் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ணிலிருந்து அழைப்பு வந்தது. “வீடு ஸ்டோர் மாதிரிக் கிடக்குதெண்டு புரோக்கர் சொல்லுறான். எல்லாத்தையும் வெளியிலை எடு.”

“பாப்பம், அண்ணா.”

“என்ன பாப்பம்?”

 அவள் ஃபோனை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு, அண்ணன் பேசிக்கொண்டிருக்க, அடுத்த பெட்டியின் கயிற்றை வெட்டினாள்.