ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பத்தியம்

பல மாதங்களாக வயிற்றுப்போக்கு. ரத்தமும் கம்மி. சங்கராபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் அளவுக்குச் சோர்வு. கள்ளக்குறிச்சி டாக்டர் பார்த்துவிட்டு, “சீலியாக்னு ஒண்ணா இருக்கலாம். கோதுமை ஒத்துக்காத நோய். லேபுல டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வாங்க” என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் நோய்க்குப் பேர் வைப்பதற்கு முன்பே பத்தியம் தொடங்கிவிடும். காமாலையோ என்று சந்தேகம் வந்தாலே எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். நான் பயத்தில் ஊரையே மிஞ்சினேன். அன்று மாலையே கோதுமை மாவு பக்கத்து வீட்டுக்குப் போனது. மைதாவும் கோதுமைதானே என்று பரோட்டாக் கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கல்வராயன்மலைச் சாமையை வாங்கிவந்து மூன்று வேளையும் தின்றேன். ரத்தம் கொடுக்க மட்டும் தைரியம் வரவில்லை. நாளை, நாளை என்று இரண்டு மாதம் ஓடியது. வயிறு அடங்கிய பிறகுதான் பெரிய வீரன் போல லேபுக்குப் போனேன்.

நோய் இல்லை என்று வந்தது. டாக்டர் நம்பவில்லை.

“கோதுமை சாப்ட்டுக்கினுதான இருந்தீங்க?”

“ஒரு விள்ளல் தொடலைங்க சார்” என்றேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

“யாரு உங்கள நிறுத்தச் சொன்னது? சாப்ட்டாதான ரத்தத்துல காட்டும்?”

லேபும் பாதிதான் பார்த்திருந்தது. ஐஜிஏ என்கிற எதிர்ப்புப் புரதம் உடம்பில் மொத்தமாகவே கம்மியாக இருந்தால், நோய் இருந்தும் இல்லை என்றே வருமாம். அந்த மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். ஒன்றரை மாதம் தினமும் கோதுமை தின்றுவிட்டு வரச் சொன்னார்.

மனைவியிடம் சொன்னேன். “பயந்ததுதான் பயந்தீங்க. ரத்தத்தக் குடுத்துட்டுப் பயந்திருந்தா இன்னா?” என்றாள்.

கச்சிராயபாளையம் பரோட்டாக் கடைக்காரர், “இன்னாண்ணா, ஆளயே காணோம்?” என்றார்.

“டாக்டரு சொல்லி வந்திருக்கேன்.”

“பரோட்டா துன்னச் சொல்ற டாக்டரா? எங்க இருக்காரு, நானும் வரேன்.”

சிரித்தேன். தின்றேன். பழையபடி வயிறு போனது. மருந்து போலத் தின்று, நோயாளியாகவே எழுந்து, பஸ் ஏறி, மறுபடியும் கையை நீட்டினேன். இந்த முறை இரண்டையும் பார்த்தார்கள். இருக்கிறது என்று வந்தது.

“குழா வுட்டு குடலையும் பாத்து உறுதி பண்ணிக்கலாம்” என்றார் டாக்டர்.

“அப்ப இனிமே கோதுமைய நிறுத்திடலாங்களா?”

“அது முடியறவரைக்கும் நிறுத்தாதீங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சப்பாத்திக்கு மாவு பிசையச் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. “எத்தினி?” என்று மட்டும் கேட்டாள்.

“ரெண்டு போதும்” என்று சொல்லிவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.