திருநின்றவூரில் கலிமேரா, அம்பத்தூரில் பூ ஈனே

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தம்பதி கிரேக்க நாட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரமாக நான் பல் தேய்க்கும் நேரத்தில் அவர்கள் பால்கனியிலிருந்து கிரேக்கப் பாடம் நடத்தும் ஒரு கைப்பேசி "கலிமேரா" என்கிறது. காலை வணக்கம் என்று அர்த்தம். உடனே அந்தப் பெண்ணும் "கலிமேரா" என்கிறாள், கைப்பேசி சந்தோஷமாக ஒரு மணி அடிக்கிறது. அவள் கணவன் சொன்னால் மட்டும் அடிப்பதில்லை. ஐடி கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிறவன் என்று கேள்வி, கைப்பேசியிடம் பாவம் தினமும் பெயில்.

நேற்று வாயில் பிரஷ்ஷோடு நானும் ஒரு "கலிமேரா" போட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா மறுபடி?" என்றாள்.

எனக்குக் கிரேக்க மொழி தெரியும் என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். மொத்தம் எட்டு வாக்கியம் தெரியும். அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவன் நான். போயிருக்க வேண்டிய ஆள் நான் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கலிமேரா என்று காதில் விழுந்தால் எல்லோருக்கும் நீலக்கடலும் வெள்ளை வீடுகளும் ஞாபகம் வரும்போலிருக்கிறது. எனக்கு வருவது சூடான ஜெராக்ஸ் தாளும் கூலண்ட் எண்ணெயும் கலந்த வாசனை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சிறிய யூனிட்டில் அப்போது நான் சேல்ஸ் கோஆர்டினேட்டர். பாட்டிலுக்கு மூடி திருகும் மெஷின் செய்வோம். இருமல் மருந்து, நல்லெண்ணெய், ஊறுகாய் என்று எதற்கு வேண்டுமானாலும் திருகும். எப்படியோ வலைவீசி எங்கள் எம்.டி. கிரேக்க நாட்டு ஆலிவ் எண்ணெய்க்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார். மெஷினோடு ஒரு ஆள் போய் நிறுவித் தரவேண்டும், மூன்று வாரம்.

யார் போவது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த மெஷினை முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட்டு வரை பூட்டியவர் ஃபிட்டர் ஏகாம்பரம். மூடி விழும் சத்தத்தை வைத்தே எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் எளிதாக முடிகிற காரியத்தை எளிதாக முடித்தால் எங்கள் எம்.டி., எம்.டி.யே இல்லை. சுற்றுலாக்காரர்களுக்கான ஒரு புத்தகத்திலிருந்து நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் டிக் அடித்திருந்த எட்டு வாக்கியத்தையும் எவர் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்கிறாரோ அவருக்கு டிக்கெட், இரண்டு வாரத்தில் பரீட்சை. எம்.டி.க்குக் கிரேக்கத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

யூனிட்டில் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். மிஞ்சியது நானும் ஏகாம்பரமும்தான். இரண்டு பேருக்கும் திருநின்றவூர். நான் தெற்கிலிருந்து வந்து வாடகைக்கு இருந்தவன். அவர் ஏரிக்கரைக்காரர், அப்பா காலம்வரை அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் அடுத்தவருக்கு நாற்று நட்ட குடும்பம். யூனிட்டுக்குள் என்னை "சார்" என்பார், ரயிலில் ஏறிவிட்டால் "மாமே". அந்த மரியாதை வித்தியாசத்தை அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

"இன்னா மாமே இது, கடல் தெரியிற ரூமு கெடைக்குமான்னு கீது, ரெண்டு பேருக்கு டேபிள் வேணும்னு கீது. போல்ட்டு டைட் பண்றதுக்கு ஒண்ணியும் காணமே?" என்றார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"டைட் பண்றவன் ஏன்ணா டூர் போறான்?" என்றேன்.

அவருக்கு ஏன் இந்த ஆசை என்று ஒருநாள் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து எங்க ஏரி மேல பிளேன் போவுது. கீழ நின்னே பாத்துகினு கீறேன். ஒரு தபா மேலேர்ந்து ஏரிய பாக்கணும் மாமே." அதற்குள் பாஸ்போர்ட்டும் எடுத்திருந்தார். விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து போனதில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கிரீஸ் எங்கே இருக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது, ஏகாம்பரம் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மனப்பாடம் செய்வதற்கு நான்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் பெரிய மதிப்பு. ஸ்டேஷனுக்கு ஒரு வாக்கியம். திருநின்றவூரில் ஏறியதும் கலிமேரா. நெமிலிச்சேரி வந்தால் தி கானேதே, நலமா? பட்டாபிராமில் பரகலோ, தயவுசெய்து. இந்து காலேஜில் எஃப்ஹரிஸ்தோ, நன்றி. ஆவடியில் ஏறுகிற கூட்டத்துக்குப் பொருத்தமாக சிக்னோமி, மன்னிக்கவும். அண்ணனூரில் நெரோ, தண்ணீர். திருமுல்லைவாயலில் போஸ் சாஸ் லேனே, உங்கள் பெயர் என்ன? இறங்குகிற அம்பத்தூரில் பூ ஈனே, எங்கே இருக்கிறது?

பத்து நாளில் ஏகாம்பரம் அட்சரம் பிசகாமல் சொல்ல ஆரம்பித்தார். என்னைவிட உச்சரிப்பு நன்றாக இருந்தது. ஆவடியில் மிதிபட்ட ஒரு காக்கிச்சட்டைக்காரரிடம் நிஜமாகவே "சிக்னோமி" என்றார். அவர் முறைத்த முறைப்பில் நாங்கள் அடுத்த ஸ்டேஷனுக்குரிய தண்ணீரை மறந்துவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டிலும் படித்தேன். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தாளைப் பார்த்து மாற்றி மாற்றிக் கேட்பாள். முதல் நாள் தண்ணீர் என்றாள், எனக்கு வரவில்லை. மனசுக்குள் திருநின்றவூரில் ஏறி ஐந்து ஸ்டேஷன் தாண்டினால்தான் வந்தது. நம் வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. ஐந்தாறு நாளில் அதை அடைத்துக்கொண்டேன், எனக்கு மட்டும். மறுநாள் ரயிலில் ஏகாம்பரத்திடம் சொல்ல வாய் வரை வந்தது. நெமிலிச்சேரி வந்துவிட்டது, "தி கானேதே" என்றேன்.

பரீட்சை எம்.டி. அறையில். கையில் தாளை வைத்துக்கொண்டு தமிழில் கேட்டார், நாங்கள் கிரேக்கத்தில் சொல்லவேண்டும். எட்டையும் தடங்கலில்லாமல் சொன்னேன். பிறகு ஏகாம்பரம் வந்து நின்றார்.

"தண்ணி கேளுய்யா."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. எனக்குத் தெரியும், இப்போது பட்டாபிராம், இப்போது இந்து காலேஜ். எம்.டி.க்குப் பொறுமை கிடையாது. "சரி, நன்றி சொல்லு" என்றார். "நெரோ" என்றார் ஏகாம்பரம். "பேர் என்னன்னு கேளு." "எஃப்ஹரிஸ்தோ." ஒவ்வொரு விடையும் சரி, ஒரு கேள்வி தாமதம். அறையில் இருந்த அக்கவுன்டன்ட் வாயைப் பொத்திக்கொண்டார். எம்.டி. மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சார், அவரை வரிசையாகக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் வெளிநாடு போக ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

ஏரிமேல் விமானம் பறந்ததா என்று எனக்குத் தெரியாது. நடு சீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே போனபிறகுதான் அந்தத் தாளின் பெருமை முழுதாகத் தெரிந்தது. அதில் நாம் சொல்வதற்கும் கேட்பதற்கும்தான் வாக்கியம் இருந்தது, வருகிற பதிலைப் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. "பூ ஈனே" என்று அழகாக ஆரம்பித்து, ஆங்கிலத்தில் டாய்லெட் என்று முடித்து, வாசலில் நின்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். அந்தப் பெரியவர் மனம் குளிர்ந்து, நம்மூர்க்காரன் கிடைத்துவிட்டான் என்று ஐந்து நிமிடம் பதில் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாக நடந்து நானே கண்டுபிடித்தேன்.

மெஷினும் சண்டித்தனம் செய்தது. அவர்களுடைய மூடி நம்முடையதைவிட ஒரு நூல் உயரம். திருகும் தலை ஒவ்வொரு மூடியையும் கடித்துத் துப்பியது. அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார், நரைத்த மீசை, தடித்த விரல்கள். என்ன செய்யலாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். எம்.டி. சிபாரிசு செய்த வாக்கியத்தில் எதைச் சொல்வது? நலமா என்று கேட்டேன். தலையை மேலே தூக்கி நாக்கால் "ச்சு" என்றார். இல்லை என்பதற்கு நம்மவர்கள் போடும் அதே "ச்சு".

இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் ஏகாம்பரத்துக்கு வீடியோ கால் போட்டேன். அம்பத்தூரில் சாப்பாட்டு நேரம்.

"கேமராவ மெஷினாண்ட காட்டு சார். நீ பேசாத" என்றார். யூனிட்டில் இருந்ததால் சார்.

பிறகு நடந்ததில் எனக்கு வேலை கைப்பேசியைப் பிடிப்பது மட்டும். ஏகாம்பரம் ஒரு விரலைக் காட்டினார், மெக்கானிக் "ச்சு" என்றார். ஏகாம்பரமும் "ச்சு" என்றார். இரண்டு பேரும் யோசித்தார்கள். ஏகாம்பரம் ஒரு தகரத் துண்டைத் தூக்கிக் காட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் செருகுவதுபோல் செய்தார். மெக்கானிக் முகம் மலர்ந்துவிட்டது. குப்பைக்கூடையிலிருந்து ஒரு காலி பியர் டின்னை எடுத்து வெட்டி, வட்டமாக்கித் தலைக்கு அடியில் செருகினார். மூடி சொன்னபேச்சு கேட்டு உட்கார்ந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். மெக்கானிக் நெஞ்சில் கை வைத்துத் திரையைப் பார்த்துத் தலை குனிந்தார். ஏகாம்பரமும் நெஞ்சில் கை வைத்தார். பிறகு கண்ணை மூடினார். வேலை முடிந்ததே என்று நான் இணைப்பைத் துண்டித்தேன்.

ஊருக்குத் திரும்பி எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். ஏகாம்பரம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த நாடு எப்படி என்று கேட்கவில்லை. மாலை ரயிலில்தான் பேசினார்.

"அன்னிக்கி இன்னா மாமே அவசரம்? ஆவடி தாண்டி அண்ணனூருக்கு வந்துகினு கீறேன், அடுத்த ஸ்டேஷன்ல பேரு கேட்டுருப்பேன், அதுக்குள்ள கட் பண்ட்டியே." கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அது கெடக்குது. அவரு பேரு இன்னா?"

எனக்குத் தெரியாது. மூன்று வாரம் அவர் பக்கத்தில் நின்றவன், வரிசையாகவும் சொல்வேன், மாற்றியும் சொல்வேன், அந்தக் கேள்வியை அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அவர் மெக்கானிக்.

"நிக்கோஸ்" என்றேன். கிரேக்கப் பெயர் மாதிரி வாயில் வந்தது அதுதான்.

"நிக்கோஸு" என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றுவரை போகவில்லை.

அந்த யூனிட் இப்போது இல்லை. இடித்து, நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வேறெந்த நாட்டுக்கும் எங்கள் மெஷின் போகவில்லை, ஏகாம்பரத்தின் பாஸ்போர்ட்டும் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்து, கையில் கீரைக்கட்டு. யூனிட் இல்லாமல் போனதால் எந்த இடத்தில் சார், எந்த இடத்தில் மாமே என்று அவருக்கே குழப்பம் போலிருக்கிறது, இரண்டும் சொல்லாமல் பேசினார். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டார்.

"நிக்கோஸு எப்டி கீறாரு? பேசினியா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. "நல்லா இருக்காருணா. உங்களைத்தான் கேட்டாரு" என்றேன்.

கீரைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். "பாத்தியா, இத்தினி வருசம் கழிச்சியும் ஞாபகம் வெச்சுகினு கீறாரு."