பதினோரு பேர் உள்ளே படுத்திருக்கிறார்கள்

பரமானந்தம் நல்ல மனிதன் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லாத மனிதன், அவ்வளவுதான். இரண்டும் வேறு. நல்ல மனிதனாக இருந்திருந்தால் எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே படுத்திருப்பவரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று அடம் பிடித்திருக்க மாட்டான்.

அவன் கொடைக்கானல்காரன். அப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரன். பிள்ளை படித்து மதுரைக் காலேஜில் வாத்தியாராகி, ஒருவரும் கேள்விப்படாத ஒரு படிப்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு வீட்டில் நோய் விழுந்தால் அந்த வீட்டை விட்டு என்னவெல்லாம் போகிறது என்பதுதான் அந்தப் படிப்பு. எத்தனை கோழி போனது, எத்தனை நாள் கூலி போனது, விதைப் பூண்டை விற்றீர்களா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினீர்களா. இதைக் கேட்பதற்கு ஒருவனுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

எங்கள் ஊர் கடுக்காய்மேடு. பேத்துப்பாறையிலிருந்து இரண்டு மணி நேரம் மேலே நடக்க வேண்டும். நாற்பது வீடு, சுற்றிலும் பூண்டு. எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகைக் குளிரில் ஒரு காய்ச்சல் வந்தது. பதினோரு பேரைக் கொண்டுபோனது. என் புருஷன் சின்னச்சாமி ஏழாவது ஆள். ஐந்து நாள் இருமினான், ஆறாம் நாள் இருமவில்லை.

பரமானந்தம் வந்தது அதற்கடுத்த தை மாதம். கையில் சாக்கட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலும் நம்பர் போட்டான். என் வீடு பத்தொன்பது.

"அக்கா, இந்தக் காய்ச்சல்ல உங்க வீட்டுல யாரு விழுந்தது?"

"என் வீட்டுக்காரரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"உள்ள படுத்திருக்காரு."

நாற்பது வீட்டிலும் எந்தப் பெண்ணும் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் ஊர் முறை அது. செத்தவருக்கு உள்ளறையில் ஒரு வருஷம் கம்பளி விரித்திருக்கும். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். அந்த வருஷம் முடியும் வரை வெளியூர் ஆள் யார் கேட்டாலும் படுத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். செத்துப்போனார் என்று வெளி ஆளிடம் வாயைத் திறந்து சொன்னால், அவர் அந்த ஆளோடு எழுந்து போய்விடுவார். வருஷம் முடிந்ததும் அவராகவே போய்விடுவார், செம்பில் தண்ணீர் குறையாமல் நிற்கும். கம்பளியை எரித்துவிட்டுச் சோலியைப் பார்க்க வேண்டியதுதான்.

அவனுக்கு இது தெரியாது. கொடைக்கானல் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு என்ன தெரியும்?

"நோயாளிகிட்டயே கேக்கணும்க்கா. மத்தவங்கள்லாம் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டுப் போயிருவாங்க. நான் அப்படி இல்ல. உள்ளறை வாசப்படி தாண்ட மாட்டேன், வெளியவே நின்னு கேட்டுக்கிறேன்."

"கேளு. பதில் வந்தா எழுதிக்க" என்றேன். துக்கத்தில் இருந்தேன், திமிரும் இருந்தது. அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

உள்ளறை வாசலில் நின்று, "பெரியவரே, எங்க நோகுது?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பேனா கீறும் சத்தம். மறுபடி ஒரு கேள்வி, மறுபடி சும்மா, மறுபடி பேனா. வெளியே வந்து, "நல்லாத் தெளிவாப் பேசுறாரு" என்று சொல்லிவிட்டு இருபதாம் நம்பர் வீட்டுக்குப் போனான்.

மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் முடிந்தது. கம்பளியை எடுக்கப் போனேன். செம்பில் தண்ணீர் பாதிதான் இருந்தது. சரி என்று நிரப்பி வைத்தேன். காலையில் நிரப்பினால் சாயங்காலத்துக்குள் பாதியாகிவிடும். செம்பில் ஓட்டை இல்லை, எலி இல்லை. இருளாயி வீட்டிலும் அப்படித்தான். பொன்னுத்தாய் வீட்டிலும் அப்படித்தான். பதினோரு வீட்டிலும் செத்தவர்கள் எழுந்து போகவில்லை.

"அந்தக் கணக்குச் சாரு எழுதிட்டுப் போயிட்டான்ல" என்றாள் இருளாயி. அவளுக்குப் போனது மகன். "படுத்திருக்கான்னு நாம சொல்லி, அவன் எழுதிட்டான். அவன்கிட்டதான் மாத்திச் சொல்லணும். சொன்னாத்தான் போவாங்க."

"அப்ப மதுரைக்குப் போயிச் சொல்லுடி."

"நீ போ."

யாரும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் போக மனசில்லை. சின்னச்சாமி இருந்த வரை சண்டைக்காரன்தான். ஆனாலும் தினமும் ஒருவர் தண்ணீர் குடித்து வைக்கிற வீட்டில் இருப்பது வேறு, காலி வீட்டில் இருப்பது வேறு. ஏழு வருஷம் நிரப்பினேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் பரமானந்தம் திரும்பி வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. என் வாசலில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தை விரித்தான்.

"அக்கா, உங்க ஊரப் பத்தி நான் எழுதினது வெளிநாட்டுல அச்சாயிருக்கு. அதை நூத்துப் பத்து பேரு எடுத்து அவங்கவங்க புத்தகத்துல போட்டிருக்காங்க. ஒரு ஊரு, பெரிய காய்ச்சல், பதினோரு பேரு படுக்கையில, ஒருத்தர்கூட சாகல. வீட்டுப் பராமரிப்புலயே பொழச்சிருக்காங்க. இதை உலகம் பூரா படிக்கிறாங்கக்கா. இப்ப ஏழு வருசம் கழிச்சு அவங்க எப்படி இருக்காங்கன்னு எழுதணும். அதுக்குத்தான் வந்தேன்."

பக்கத்தில் நின்ற பொன்னுவேல், எங்கள் ஊர் வார்டு மெம்பர், துண்டை உதறினான்.

"ஓகோ, அது நீங்கதானா? ஆஸ்பத்திரி கேட்டு நாலு வருசமா நாயா அலையுறோம். ஆபீசர் ஒரு புத்தகத்த எடுத்துக் காமிக்கிறாரு. ஒங்க ஊருக்கு எதுக்கய்யா ஆஸ்பத்திரி, வீட்டுலயே எல்லாரும் பொழச்சிக்கிறீங்களேங்கிறாரு. போன மாசம் வயித்துப் பிள்ளையோட ஒரு பொம்பளைய டோலி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பேத்துப்பாறை வரைக்கும் உசுரு தாங்கல."

பரமானந்தத்தின் முகத்தில் களை அப்படியே நின்றது, அடியில் ஆள் இல்லாதது போல.

சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் உள்ளறைப் பக்கம் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"தம்பி, ஒருத்தரும் பொழைக்கல. நீ வர்றதுக்கு முன்னாடியே பதினோரு பேரும் செத்தாச்சு." முறையையும் சொன்னேன்.

சிரித்தான். "இல்லக்கா. நான் அவங்ககூடப் பேசினேனே. பதினோரு பேருகிட்டயும் பேசினேன்." பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தான். ஓரம் எல்லாம் பழுத்திருந்தது. "பத்தொம்போதாம் நம்பர். சின்னச்சாமி. இந்தா பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி."

"எங்க நோகுதுன்னு கேட்டிருக்கேன். பதிலு, நோவு இல்ல. குளிருது. அவ கம்பளிய இழுத்துக்கிட்டா."

இருபத்தாறு வருஷம் ஒரே கம்பளிக்குள் படுத்தோம். தினம் விடிந்ததும் அவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். வெளியே ஒரு ஈக்குஞ்சுக்குத் தெரியாது. வெட்கக்கேடு என்று என் தாயிடம்கூட நான் சொன்னதில்லை.

"செத்தும் என் மேலயே கோளு சொல்லியிருக்கான்" என்றேன். "தம்பி, மாதா மேல சத்தியமாச் சொல்லு. நீயா எழுதினியா இதை?"

"நான் எதையுமே நானா எழுதினதில்லக்கா. இருட்டா இருந்துச்சு. புகையா இருந்துச்சு. கேட்டேன், கொரல் வந்துச்சு. எழுதினேன்."

பொன்னுவேல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைவிட்டு எட்டிப் போய் நின்றான். பெரிய மெம்பர்.

பரமானந்தம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "நான் இருபது கட்டுரை எழுதியிருக்கேன். இந்த ஒண்ணத்தான் ஆளுக படிச்சாங்க. இது பொய்னு நானே எழுதிட்டா எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சாதுக்கா. காலேஜுல சிரிப்பாங்க" என்றான்.

"எழுதாட்டி?"

புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒம் பேரு நிக்கணும்னு என் புருசன் படுத்தே கெடக்கணும். ஊருக்கு ஆஸ்பத்திரி வரக்கூடாது. பிள்ளைத்தாச்சி பாதி வழியில சாகணும். அப்படித்தான?"

நாக்கில் விஷம் எனக்கு, ஊரே சொல்லும். அன்றைக்கு அது வேலை செய்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"முறையாக் கேக்குறேன். நீங்க முறையாச் சொல்லுங்க. வீடு வீடா."

நடுப்பகல். அந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறியது, வீட்டுக்கு வீடு தெரியவில்லை. அவன் ஒவ்வொரு நிலைப்படியிலும் பழைய நம்பரைப் பெயரோடு படித்தான். அந்த வீட்டுப் பெண் செத்துப்போனார் என்றாள். அவன் நோட்டில் பழையதை அடித்துவிட்டு எழுதினான். இருளாயி மட்டும் சொல்ல மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவசரப்படுத்தவில்லை. மஞ்சில் நனைந்துகொண்டு நின்றான். கடைசியில் அவளாகவே, "எம்மவன் செத்துட்டான்யா, கூட்டிட்டுப் போ. பாத்துக் கூட்டிட்டுப் போ, சளி பிடிக்கும்" என்றாள்.

என் வீட்டுக்குக் கடைசியாக வந்தான். சொன்னேன். உள்ளறையில் கம்பளி அசைந்ததாகச் சொன்னால் பொய். ஒன்றும் அசையவில்லை. நாய் மட்டும் எழுந்து வழி விட்டது.

அவன் பூண்டுக்காட்டு வரப்பு வழியாகக் கீழே இறங்கினான். தனியாளாகத்தான் போனான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் கடந்துபோன பிறகும் வரப்பின் இரண்டு பக்கமும் பூண்டுத்தாள் வளைந்து வளைந்து நிமிர்ந்துகொண்டே இருந்தது. நான்கைந்து ஆள் போகிற நேரம் இல்லை, அதற்கும் மேலே.

மறுநாள் சாயங்காலம் பார்த்தேன், செம்பு நிறைய இருந்தது. அதற்கு மறுநாளும் நிறைய இருந்தது. நான் அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கம்பளியை எரிக்க மட்டும் முடியவில்லை.

சொன்னபடி எழுதினான். அவனே ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். முன்னே அச்சடித்த அதே வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டார்களாம், கடைசிப் பக்கத்தில், ரெண்டே ரெண்டு வரி. காலேஜில் சிரித்தார்களாம். வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் அப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான். பொன்னுவேல் அந்த இரண்டு வரியைக் கொண்டுபோய் ஆபீசர் மேஜையில் போட்டான். ஆஸ்பத்திரி வரவில்லை. வாரம் ஒரு நாள் பேத்துப்பாறைக்கு ஒரு நர்ஸம்மா வருகிறாள், அதுவும் மழை இல்லாவிட்டால்.

எண்பத்தாறாம் வருஷம் மாசியில், பூண்டு போடக் கொடைக்கானல் சந்தைக்குப் போனவள், அவனைப் பார்க்கப் போனேன். குளிருக்கு அந்தக் கம்பளியைத்தான் போர்த்தியிருந்தேன். ஏரிக்கு மேலே ஓட்டு வீடு. கதவைப் பாதி திறந்தான். இளைத்துப் போயிருந்தான். மேஜையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடுதாசிக் குவியல்.

"இன்னும் வருதா?"

"வருதுக்கா. இந்த வருசம் மட்டும் முப்பத்தாறு. அந்த ரெண்டு வரிய ஒருத்தரும் படிக்கல. மொதல்ல எழுதுனதையேதான் எடுத்து எடுத்துப் போடுறாங்க. பதினோரு பேரும் எப்படி இருக்காங்க, இன்னும் இருக்காங்களான்னு கேக்குறாங்க."

"நீ என்ன பதில் போடுற?"

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். அவன் தோளுக்குப் பின்னால் ஜன்னல் திட்டு தெரிந்தது. கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண்ணத் தெரியும், பதினொன்று. எல்லாவற்றிலும் தண்ணீர் பாதி.

"என்ன தம்பி இது? ஒங்க வேதத்துல இதெல்லாம் கெடையாதே" என்றேன் சத்தமாக.

விரலை உதட்டில் வைத்தான்.

"மெதுவாக்கா. உள்ள படுத்திருக்காங்க."

திரும்பி ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. கம்பளியை உருவி அவன் கையில் கொடுத்தேன். "குளிருதும்பான். குடு. இனிமே எவளும் இழுக்க மாட்டான்னு சொல்லு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். "பெரியவரே, இந்தாங்க" என்று சொன்னது கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பேனா கீறும் சத்தம்.